வயிற்றருகே ஒரு கேமரா



தெருவில் போகிறவர் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் முகம் இறுகிவிடும். சில நேரம் சண்டையும் வரும். அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையருக்கு அந்தத் தொல்லை குறைவு. அவர் கழுத்தில் தொங்கியது ரோலைஃப்ளெக்ஸ். இரட்டை லென்ஸ் வைத்த ஜெர்மன் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. வயிற்றருகே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். நடப்பவரைப் பின்தொடர நினைத்தால் கை எதிர்ப்பக்கம் போகும்! பழக நாளாகும்.

ஷட்டர் சத்தம் மிக மெல்லியது. சுருளுக்கு 12 படம்தான். கண்டபடி எடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு படமும் சுமார் 6 சென்டிமீட்டர் சதுரம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமைவிட மூன்று மடங்குக்கு மேல் பரப்பு. கோட்டுத் துணியின் நெசவுகூடப் பதியும்.

2007-இல் வாடகை பாக்கிக்காக மையரின் படங்கள் இருந்த பெட்டிகள் ஏலம் போயின. அவர் எடுத்த படங்கள் லட்சத்துக்கும் மேல். பல சுருள்கள் கழுவப்படவே இல்லை. அவர் 2009-இல் இறந்தார். உலகப் புகழ் வந்தது அதன் பிறகுதான்.