கடல் கடந்து கட்டும் வீடு

ராஜகுளத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. கட்டி முடித்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அதில் நான் உறங்கிய இரவுகளை எண்ணினால் 200-ஐத் தாண்டாது. மஸ்கட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வார விடுமுறையில் வரும்போதுதான் அதன் சன்னல்கள் எல்லாம் திறக்கப்படுகின்றன. ஆயினும், அயலகத்தில் உழைக்கும் நம்மவர்களிடம் முதல் ஆசை எதுவென்று கேட்டால், ஊரில் ஒரு வீடு என்றே பலரும் சொல்வார்கள். அதைப் பேதைமை என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

சொந்த மனையில் சொந்த வீடு என்பது எங்கள் பக்கத்தில் வெறும் தங்குமிடமாக இருந்ததில்லை. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளைச் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். வயது 35 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டிலேயே ஊரில் ஒருவருக்கு உள்ள இடத்தை வீடுதான் உறுதிசெய்திருக்கிறது. தகுதியற்றவர்கள் யார் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வீடு கட்ட முடிவெடுத்தபோது நான் முதலில் பார்த்தது வரைபடத்தை. பார்த்திருக்க வேண்டியது பட்டாவை. என் தந்தை தம் உழைப்பில் வாங்கிய மனை, அவர் மறைந்த பின்னும் அவர் பெயரிலேயே இருந்தது. உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அதில் சம பங்கு. பங்காளிகள் உள்ள நிலத்தில் ஒருவர் தம் பணத்தைக் கொட்டி வீடு எழுப்பினாலும், நிலம் அவருக்கு மட்டும் உரியதாகிவிடாது. மற்ற மூவரும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகே கடைக்கால் தோண்டினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கையின் முகம் சற்று வாடியிருந்தது. அவளுக்குரிய தொகையை முன்னரே கொடுத்திருந்தால் வாடியிருக்காது.

புதிதாக நிலம் வாங்கிக் கட்ட நினைப்போருக்கு வேறு கவலைகள் உண்டு. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகள், வெளிநாடுவாழ் இந்தியர் வீட்டு மனையும் வணிகக் கட்டடமும் வாங்க இடம் தருகின்றன. வேளாண் நிலமும் பண்ணை வீடும் அவர் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். வயல்கள் மனைகளாகும் எங்கள் பகுதியில் இந்த வேறுபாடு முக்கியமானது. அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தமிழக அரசு வகுத்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கே பொருந்தும்.

அடுத்தது அதிகார ஆவணம். பேச்சுவழக்கில் ‘பவர்’. எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கட்டட அனுமதி பெறவும், மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரம் எதற்கு? வெளிநாட்டில் எழுதும் ஆவணத்தில் இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கட்டட அனுமதி இப்போது எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறும் வசதி 2024-இல் வந்தது. சான்றளிப்பவர் உரிமையாளரே என்பதால், ஆவணத்தில் பிழை இருந்தால் பொறுப்பும் அவருடையதே.

இவையெல்லாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளக் கூடியவை. என்னை வீழ்த்தியது வேறொன்று.

எனக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வரும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் கொடுக்க வேண்டும். சிமென்ட் கடையில் இரண்டு வாரம் பொறுப்பார்கள். கூலிக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது, பொறுக்கச் சொல்வதும் நியாயமில்லை. பணம் வரும் நாளுக்கும் தர வேண்டிய நாளுக்கும் இடையிலான அந்த மூன்று வாரங்களை யார் தாங்கினார்கள் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. தளம் போட்ட அன்று வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். தளத்தில் பாத்தி கட்டி நாள்தோறும் தண்ணீர் நிறுத்தியது யார் என்பது படத்தில் தெரியவில்லை. தண்ணீர் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் என்றால் 10 நாளாவது நிற்க வேண்டும். விட்டுவிட்டால் எவ்வளவு கம்பி போட்டும் கான்கிரீட் உரிய வலுவைப் பெறாது.

தை மாதத்தில் காஞ்சி வரதராஜப் பெருமாள் தெப்பத்துக்கு எழுந்தருளும் குளத்தைக் கொண்டது எங்கள் ஊர். மாவட்டமே ஏரிகளின் மாவட்டம். அடித்தளத்தைச் சாலை மட்டத்துக்கு மேல் மூன்றரை அடி உயர்த்த வேண்டும் என்றான் தம்பி. செலவைக் கூட்டுகிறானே என்று எண்ணி, இரண்டடி போதும் என்று தொலைபேசியில் முடித்துவிட்டேன். பின்னர் பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போடப்பட்டது. இப்போது பெருமழை பெய்தால் தண்ணீர் வாசற்படியைத் தொடுகிறது.

மதிப்பீட்டைவிடச் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியபோது, தம்பியைச் சந்தேகித்தேன். நேராகக் கேட்கவில்லை, உறவினர் ஒருவரிடம் சொன்னேன். அது மறுநாளே அவனை எட்டியது. புதுமனை புகுவிழாவில் பந்தி பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் போனான். அதற்குப் பிறகு நாங்கள் நான்கு ஆண்டுகள் பேசவில்லை.

ஒரு விடுமுறையில் அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்துத் தந்தார். முறுக்குக் கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், வாரக் கூலி, மேஸ்திரிக்குத் தேநீர் என ஒவ்வொன்றும் தேதியோடு தம்பியின் கையெழுத்தில் இருந்தது. நடுவே ஆறு இடங்களில் ‘நகை’ என்ற ஒரே சொல். சனிக்கிழமைக் கூலிக்காகத் தன் மனைவியின் நகைகளை அடகு வைத்த தேதிகள் அவை. வட்டியையும் அவனே கட்டியிருக்கிறான். என் கணக்கில் எழுதவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள். நான் தம்பியை அப்படித்தான் விலக்கி வைத்திருந்தேன். கணக்கு இருந்தது, கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

நோட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். அன்று பேசியவை இங்கே வேண்டாம். வட்டியைத் திருப்பித் தர மூன்று விடுமுறைகள் வாதாட வேண்டியிருந்தது. இப்போது மாடியில் ஓர் அறை எழுப்புகிறோம். தளம், பூச்சு என்று கட்டம் பிரித்து, பொறியாளர் அளந்த பிறகே தொகை தருவதாக இம்முறை மேஸ்திரியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். கூலிக்காக இரண்டு மாதப் பணம் முன்கூட்டியே தனிக் கணக்கில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு நோட்டுப் பக்கத்தின் படம் வருகிறது. தேநீர்ச் செலவையும் விடாமல் எழுதுகிறான்.