மூன்றாவது வரியில் நிற்பவர்கள்

உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பு 2020 ஏப்ரலில் வெளிவந்தது. அதைப் புதிதாக நிறுவிய கணினியில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘பைத்தான்’ என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு அந்த ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்திருந்தது. ‘பைத்தான்3’ என்ற பெயர்தான் செல்லும். திறமூல மென்பொருள்களுக்கு அதற்கு முன் எழுதப்பட்ட நிறுவல் குறிப்புகள் பலவும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தன. எழுதியவரின் கணினியில் பழைய பெயர் இன்னும் வேலை செய்ததால் அவருக்கு விஷயமே தெரியாது. புதிதாக வந்தவரோ மூன்றாவது வரியில் நின்றுவிடுவார். ‘இதெல்லாம் நமக்கு வராது’ என்று தன்னையே நொந்துகொண்டு திரும்பியும் போவார்.

அப்படிப் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. குறை சொல்வதற்குக்கூட ஒருவர் கொஞ்சமாவது உள்ளே வந்திருக்க வேண்டும் அல்லவா? உள்ளே இருப்பவர்கள் சொன்னதே போதுமான அளவு கவலை தருகிறது. திறமூல உலகைப் பற்றி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-ல் நடத்திய ஆய்வில், ஆவணங்கள் அரைகுறையாகவோ காலாவதியாகவோ இருப்பதைப் பார்த்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஆவணங்களில் அரிதாகவே கைவைப்பதாக, அல்லது கைவைப்பதே இல்லை என்று சொன்னார்கள்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த சோதனை ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும்; கேட்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதியாவது பிடித்துவிடுவார்கள் என்றே தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கேட்டவர்கள் கண்டுபிடித்தவை 3. தட்டுபவரின் காதுக்குள் பாட்டே ஓடுகிறது, எதிரே இருப்பவருக்கோ வெறும் டொக் டொக் மட்டும்தான் கேட்கிறது. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் நினைத்துப் பார்க்க மூளைக்கு வருவதில்லை. மென்பொருள் ஓடத் தேவையான மற்ற மென்பொருள்களை மனதில் வைத்து, ‘சார்புகளை நிறுவவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் நிரலாளருக்கு நடப்பதும் இதுதான்.

தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே நிற்கும் இந்தச் சுவரை உடைத்த ஒரு கையேட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஓலா சிடார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இருவர் 2014-ல் பெர்லினில் ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற பயிலரங்கைத் தொடங்கினார்கள். நிரல் எழுதியே அறியாத பெண்கள் வந்து, தாங்களே ஒரு வலைத்தளம் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். அதற்கான பாடம் எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. இணையம் எப்படி இயங்குகிறது, டெர்மினல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் வழி தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது திரையின் அடியில் இருக்கும் ஒரு சிறிய பெட்டியில் டிக் அடிக்காவிட்டால், பிறகு டெர்மினலுக்குப் பைத்தான் இருக்கும் இடம் தெரியாது. அந்தப் பெட்டியையும் பாடம் நினைவூட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டாலர் குறி பற்றிய விளக்கம். கையேடுகளில் கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி அச்சாகியிருக்கும். கணினி தானாகவே காட்டும் அடையாளம் அது, நாம் தட்டக் கூடாது. பழகியவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. புதியவர் அதையும் சேர்த்துத் தட்டுவார், பிழை வரும். ‘அதைத் தட்ட வேண்டாம்’ என்று இந்தப் பாடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தடுமாறும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் இப்படி ஒரு வரியை எழுத முடியும். பாடம் கிட்ஹப்பில் திறந்தே கிடப்பதால், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்.

எல்லாவற்றையும் நீட்டி எழுதினால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கரோல் 1980-களில் அலுவலக ஊழியர்கள் எழுத்துச் செயலி கற்பதைக் கவனித்தார். கையேட்டை யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள், சிக்கினார்கள், பிறகுதான் பக்கம் புரட்டினார்கள். அதனால் அவர் பக்கங்களைக் குறைத்து, தவறினால் மீளும் வழிக்கு இடம் கொடுத்தார். நிறுவல் குறிப்புக்கும் இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே திரையில் என்ன வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டு வரி இருந்தால், படிப்பவர் எங்கே வழி தவறினோம் என்பதை உடனே கண்டுகொள்வார்.

எழுதியதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பைத்தானில் 2001 முதலே டாக்டெஸ்ட் என்ற வசதி உண்டு. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். இன்று நிறுவல் குறிப்பையே தனிக் கணினிபோல் இயங்கும் வெறுமையான ஒரு கன்டெய்னரில் தினமும் தானாக ஓடவிடலாம். உபுண்டுவில் பெயர் மாறியதை அப்படி ஒரு சோதனை மறுநாளே காட்டிக்கொடுத்திருக்கும். இயந்திரம் பிடிக்காததைப் புதியவரிடம் கேட்க வேண்டும். திட்டத்தில் சேருபவரின் முதல் வேலையாக, நிறுவும்போது எங்கெல்லாம் தடுக்கியது என்று எழுதித் தரச் சொல்லலாம். சில வாரங்களில் அவருக்கும் அது மறந்துவிடும்.

1971-ல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, கட்டளைகளின் அறியப்பட்ட குறைகளை எழுதுவதற்கென்று ஒரு பகுதி இருந்தது. நிறுவல் குறிப்பின் தலையிலும் அப்படிச் சில வரிகள் வேண்டும்: கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தோம், எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் ஓடியது, எதில் இன்னும் ஓடவில்லை.