இன்சுலின் பிறக்கும் ஊரில் தூங்காத இரவுகள்

ஹார்மோனைத் தொழிற்சாலையில் தயாரித்துவிடலாம். அதை எப்போது, எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்கும் நிர்வாகம் உடம்பிடம்தான் இருக்கிறது. இரவு ஷிப்டு கைவைப்பது அந்த நிர்வாகத்தில்.

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினால், எல்லையைத் தாண்டியதும் முதலில் வருவது அத்திபெலே. பிறகு சந்தாபுரா, பொம்மசந்திரா, ஹெப்பகோடி. எல்லாமே ஆனேக்கல் தாலுகா. ஒரு காலத்தில் பட்டுத் தறிக்கும் ராகி வயலுக்கும் பேர்போன பூமி. இன்று சாலையின் இருபுறமும் தொழிற்பேட்டைகள். கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று நான்கு மொழியும் டீக்கடை வாசலில் கேட்கும். ஊர் அடங்கிய பிறகும் கம்பெனி பஸ்கள் அடங்குவதில்லை. ஒரு கூட்டம் இறங்கி வீட்டுக்கு நடக்கும், இன்னொரு கூட்டம் ஏறி வேலைக்குப் போகும்.

இந்தச் சாலையோரத்தில்தான் மனித உடம்பின் முக்கியமான ஒரு ஹார்மோனும் தயாராகிறது. கிரண் மஜும்தார் 1978இல் தொடங்கிய பயோகான் நிறுவனம், 2004இல் தன் இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் இன்சுலின் என்றால் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து பிரித்தெடுப்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்திவிட்டால், பெரிய கலன்களில் அது பெருகிப் பெருகி இன்சுலினைத் தயாரித்துக் கொடுக்கும். இதே நிறுவனத்தின் கிளார்ஜின் வகை இன்சுலினை, மூல மருந்துக்குப் பதிலாக மருந்துக்கடையிலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்று 2021இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. இன்சுலினில் அப்படி அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

பெருமைக்குரிய சங்கதி. ஆனால் அதே சாலையில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் சொந்த இன்சுலின் என்ன ஆகிறது? சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்றது அது. இரவு ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாடு, உடற்பயிற்சி என்ற வழக்கமான காரணங்களோடு இன்னொன்றும் சேர்கிறது: நேரம்.

ஒரு டீஸ்பூன் கணக்கு

ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. மூன்று இட்லி சாப்பிட்டால் அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை குடலிலிருந்து வந்து கொட்டுகிறது. ஏகாதசி விரதம் இருந்தால் ஒன்றுமே வருவதில்லை. ஆனாலும் அந்த ஒரு டீஸ்பூன் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ரொம்பக் குறைந்தால் மூளை மயங்கும். வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் கெடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள உடம்பில் இரண்டு இலாகாக்கள் இருக்கின்றன. ஒன்று நரம்பு. அது தொலைபேசி மாதிரி: குறிப்பிட்ட உறுப்பைக் கூப்பிட்டு நொடிக்குள் விஷயத்தைச் சொல்லிவிடும். மற்றது ஹார்மோன். அது தண்டோரா மாதிரி: ரத்தம் போகும் தெருவெல்லாம் அறிவிப்பு கேட்கும், ஆனால் யாருக்கானதோ அவர் மட்டும் எழுந்து வேலையைப் பார்ப்பார். எந்த செல்லில் அந்த ஹார்மோனை ஏற்கும் பூட்டு இருக்கிறதோ, அந்த செல்தான் அசையும்.

இவற்றில் யார் பெரியவர் என்று விஞ்ஞானிகள் நெடுநாள் சண்டை போட்டதுண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்டு 1849இல் முயலின் மூளை அடிப்பகுதியில் ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். சிறுநீரில் சர்க்கரை வந்தது. ஆகவே நரம்பே ராஜா என்றார்கள். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். குடலில் அமிலம் பட்டதும், நரம்பே இல்லாமல் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. செய்தி ரத்தத்தின் வழியாகப் போயிருந்தது. 1905இல் ஸ்டார்லிங் இந்த ரசாயனத் தூதர்களுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார். இரு தரப்பும் சொன்னது சரி என்பது பின்னால்தான் புரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாசனை பிடித்து வாயில் ருசி பட்டதுமே, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு கணையத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வருவதற்குள்ளேயே கொஞ்சம் இன்சுலின் புறப்பட்டுவிடும். அடுத்து, குடல் தன் பங்குக்குச் சில ஹார்மோன்களை அனுப்பி, சரக்கு வருகிறது என்கிறது. கடைசியில் சர்க்கரையே கணையத்தைத் தொட்டு, முழு வீச்சில் சுரக்க வைக்கிறது. வேலை முடிந்த இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். அடுத்த உத்தரவு புதிதாக வரவேண்டும்.

சர்க்கரை இறங்கினால் எதிர்த்திசையில் ஓட்டம். கணையம் குளுகோகான் என்ற ஹார்மோனை அனுப்பிக் கல்லீரலின் கிடங்கைத் திறக்கச் சொல்லும். நரம்புகள் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டும். அட்ரினலின் பாயும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி எல்லாம் அந்த அபாயச் சங்கின் ஒலிதான்.

ஊசிக்குத் தெரியாதது

புட்டியில் இருக்கும் இன்சுலினுக்கும் கணையம் சுரக்கும் இன்சுலினுக்கும் வித்தியாசம் இங்கேதான். மருந்தில் குறையில்லை. ஆனால் ஊசி போட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டுச் சாப்பிடாமல் நின்றார் என்பது ஊசிக்குத் தெரியாது. ஓவர்டைம் பார்த்து இரண்டு மடங்கு உழைத்தார் என்பதும் தெரியாது. தோலுக்கடியில் போன மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அடிக்கடி சர்க்கரை இறங்கினால் அபாயச் சங்கே மங்கிப்போகும். பிறகு எச்சரிக்கை இல்லாமல் மயக்கம் வரும். இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்கோ, வண்டி ஓட்டுகிறவருக்கோ அது உயிர் விஷயம்.

மூளையில் ஒரு கடிகாரம்

சர்க்கரை இலாகாவுக்கு மேலதிகாரி ஒருவர் உண்டு. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி. நரம்பும் ஹார்மோனும் கைகுலுக்கும் இடம் அதுதான். அதற்குள் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட கொத்து ஒன்று, கடிகாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து அது தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டினால் பினியல் சுரப்பியிடம் மெலடோனினைச் சுரக்கச் சொல்கிறது. விடிவதற்கு முன் அட்ரினலிடம் கார்டிசோலை ஏற்றச் சொல்கிறது. பகலில் இன்சுலினுக்கு உடம்பு சுறுசுறுப்பாகக் கட்டுப்படும், இரவில் மந்தம். ஒரே சாப்பாடு காலையில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது.

இந்தக் கடிகார ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் குழுவினர் முதலில் சமணர் மலைக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகையில் வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. அடுத்து மனிதர்களையே ஆராய்ந்தார்கள். கடிகாரமோ சூரியனோ வெளியுலகச் செய்தியோ எட்டாத தனி அறையில் தன்னார்வலர்கள் நாட்களைக் கழித்தார்கள். அப்படி இருந்த ஒரு பெண்ணின் தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரக் கணக்கைத் தாண்டி வெகுவாக நீண்டுபோனது. ஆனால் மாதவிடாய்ச் சுழற்சி அதோடு சேர்ந்து இழுபடவில்லை என்று 1991இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்கிறது. அதாவது உடம்பில் பல தாளங்கள் உண்டு. ஒன்று தப்பினால் மற்றவை கூடவே போகும் என்று நம்ப முடியாது.

இரவு ஷிப்டில் நடப்பதும் தாளப் பிசகுதான். கைகால் வேலை செய்கிறது, வயிறு சாப்பிடுகிறது, ஆனால் மூளையின் கடிகாரம் இது ராத்திரி என்று சாதிக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2009இல் வெளியான ஒரு சோதனையில் பத்துப் பேரை 28 மணி நேர 'நாளில்' வாழவைத்தார்கள். கடிகாரத்துக்கு நேர்மாறாக அவர்கள் உண்டு உறங்கியபோது, இன்சுலின் 22 சதவீதம் கூடியும் சர்க்கரை குறையவில்லை. மாறாக 6 சதவீதம் ஏறியிருந்தது. நோயில்லாத சிலருக்கே சாப்பாட்டுக்குப் பிறகு நீரிழிவின் வாசற்படி அளவு தெரிந்தது. ஒரு சில நாட்களில் இப்படி என்றால், வருஷக்கணக்கில் ஷிப்டு பார்ப்பவரைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

கேன்டீன் மணி

நல்ல செய்தியும் உண்டு. அதே பாஸ்டன் குழு 2021இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில் 19 இளைஞர்கள் இரவு வேலை போன்ற அட்டவணையில் இருந்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. சாப்பாட்டைப் பகலோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு உயரவே இல்லை. சிறிய சோதனை, ஆய்வுக்கூடத்துக்குள் நடந்தது. ஆனால் காட்டும் திசை தெளிவு.

இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு சோறு, பரோட்டா, இனிப்பு டீ என்று நிரப்பாமல் இருப்பது முதல் படி. பகலில் தூங்கும் அறையை இருட்டாக்குவது இரண்டாவது. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மருந்து நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கும். தங்கள் ஷிப்டு அட்டவணையை டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் தொழிலாளி தலையில் ஏற்றுவது நியாயமில்லை. வீட்டில் குழந்தைகள் விளையாடும்போது, மாமியார் டி.வி. பார்க்கும்போது, ஒற்றை அறையில் பகல் தூக்கம் என்பது பெரும்பாலோருக்கு எட்டாக்கனி. பெண்களுக்கு ஷிப்டு முடிந்ததும் அடுப்படி காத்திருக்கும். ஷிப்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, கேன்டீன் எத்தனை மணிக்கு என்ன பரிமாறுகிறது, வருஷாந்திர மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை பார்க்கிறார்களா என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

தொழிற்பேட்டையில் எந்த இயந்திரத்துக்கும் பராமரிப்பு அட்டவணை ஒன்று சுவரில் தொங்கும். எப்போது நிறுத்துவது, எப்போது எண்ணெய் விடுவது என்று அதில் இருக்கும். அதை ஓட்டுகிற ஆளின் அட்டவணை அவர் மூளையிலேயே எழுதியிருக்கிறது. அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஷிப்டு போட்டால், ஆனேக்கல் தாலுகாவில் தயாராகும் இன்சுலினை ஆனேக்கல் தாலுகாவிலேயே இவ்வளவு பேர் வாங்க வேண்டியிருக்காது.