எலி வளையில் தொடங்கும் படிப்பு

குழந்தையை எந்த வயதில் காடு மேட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நகரத்துப் பெற்றோர் கோடை விடுமுறைதோறும் யோசிக்கிறார்கள். பறவை பார்க்கும் முகாம், மலையேற்ற முகாம் என்று அதற்கு விடையும் கட்டணத்தோடு கிடைக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர் பழங்குடியினருக்கு இந்த யோசனையே தேவைப்பட்டதில்லை. ஓடியாடத் தெரிந்த பிள்ளை பெரியவர்களோடு வரப்புக்குப் போகும். அம்மா எலி வளை தோண்டும்போது பக்கத்தில் குந்திப் பார்க்கும். வேட்டை அப்படியே கைக்கும் கண்ணுக்கும் பழகும். இன்று அந்த வழக்கம் அறுந்துகொண்டிருக்கிறது. இந்த இழப்பு இருளர்களோடு நிற்கப் போவதில்லை.

எலி பிடிப்பதைக் கடப்பாரை வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். தோண்டுவதற்கு முன்பே பாதி வேட்டை முடிந்துவிடுகிறது. வளை வாயில் தள்ளிய மண் புதிதா, காய்ந்து கிடக்கிறதா. வேறு வாய்கள் எங்கெங்கே இருக்கின்றன. எவற்றை அடைத்து எதில் பானைப் புகையை ஊதினால் எலி எந்தப் பக்கம் வெளியே வரும் என்பதையெல்லாம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எலி சேர்த்து வைத்த நெல் குடும்பத்துக்கு ஆகும்; விளைச்சலைத் தின்பது குறைவதால் நிலத்துக்காரருக்கும் லாபம். எலியைத் தேடிப் பாம்பும் அதே வளைக்கு வருகிறது என்பதால், எலி பிடிக்கப் போன பிள்ளை பாம்பின் அடையாளங்களையும் சேர்த்தே கற்கிறது. உரித்துப் போட்ட சட்டை நேற்றையதா, போன மாதத்தியதா? புழுதியில் விழுந்த கோடு எந்தத் திசைக்குப் போகிறது? கிடக்கும் எச்சம் எந்தப் பாம்பினுடையது? இதை எழுதிக் கொடுத்துக் கற்பிக்க முடியாது. பல வருடம் கூடவே நடந்து, ஆயிரம் வெறும் வளைகளைப் பார்த்துத்தான் கண் தேறும். இருபது வயதில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்து இதை ஈடுகட்டிவிடலாம் என்பது எனக்கு நம்பத்தக்கதாகப் படவில்லை. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன இருளர் பெரியவர்கள் இருவர், உள்ளூர் வல்லுநர்கள் திணறிக்கொண்டிருந்த சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 33 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத் துணை நின்றார்கள். பாம்பு புதிது, நாடு புதிது. சிறுவயதில் பழகிய கண் மட்டுமே பழையது. 2023இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்தக் கண்ணை நம்பித்தான் நாட்டின் விஷமுறிவு மருந்து இருக்கிறது. 1972இன் வனவிலங்குச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோலை நம்பியிருந்த இருளர்களின் பழைய பிழைப்பை முடித்த பிறகு, 1978இல் வடநெம்மேலியில் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி பிடிபட்டால் தெரிவதற்காக வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, உயிரோடு விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பாம்பின் பின்னால் அனுப்பச் சொல்வதா என்று கேட்பார்கள். பள்ளி வேண்டும், அதில் பேச்சே இல்லை. சட்டமும் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் இருளர் பிள்ளையை வரப்பிலிருந்து பிரித்ததில் பள்ளியின் பங்கு சிறியது. முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போனவர்களின் பிள்ளைகள் பள்ளியையும் இழந்தார்கள், வயலையும் இழந்தார்கள். எலிக்கு மருந்து வைத்த வயலில் பிடித்த எலியைச் சாப்பிட முடியாது. மிச்சமிருந்த புதரும் கரம்பும் மனைகளாகிவிட்டன. நடப்பதற்கு நிலம் இல்லாதபோது பெரியவர் எதைக் காட்டுவார், பிள்ளை எதைப் பார்க்கும்? இன்னும் இருபது வருடத்தில் சட்டையைப் பார்த்துப் பாம்பைச் சொல்ல எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதை யாரும் கணக்கெடுப்பதாகத் தெரியவில்லை. பள்ளியை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கவலை கண்ணுக்கே படாது. ஆபத்து என்ற ஆட்சேபத்துக்கு அந்த வழக்கத்திலேயே விடை உண்டு. ஈசல், நண்டு, எலி என்று படிப்படியாகப் போவதுதான் முறை. விஷப்பாம்பைத் தொடுவது வளர்ந்தவர்களின் வேலை.

பாம்புகளைப் பண்ணையில் வளர்த்தே விஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஒரே இனத்தின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் பாம்பைக் காட்டிலிருந்து பிடித்துத் தர ஆள் வேண்டாமா? அந்த ஆளை உருவாக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் தை, மாசியில், இருளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் வாரத்தில் ஒரு நாள் பெரியவர்களோடு நடப்பதைப் பாட வேளையாகக் கணக்கிடலாம். கூட்டிப் போகும் பெரியவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையோடு ஊதியமும் தரலாம். மருந்து வைக்காத வயல் எது என்று ஊரில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எலி பிடிக்க வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. அடுத்த தை மாதமே தொடங்கலாம்.