கல்லாவை நிறைத்த கண்டெய்னர்

பழைய தில்லியின் சதர் பஜாரில் நடக்க இடம் கிடையாது. தள்ளுவண்டிகளும் சைக்கிள் ரிக்ஷாக்களும் தலைச்சுமைக் கூலிகளும் வழியை அடைத்துக்கொண்டிருப்பார்கள். கடைகளோ குறுகலானவை. ஆனால் அங்கிருந்து கிளம்பும் பிளாஸ்க்கும் பீங்கான் கோப்பையும் காய் நறுக்கும் கருவியும் வட இந்தியாவின் சிற்றூர்கள்வரை போகின்றன.

ஒரு காலத்தில் வீட்டுச் சாமான் மொத்த வியாபாரம் என்றால் மொராதாபாத் பித்தளை, குர்ஜா பீங்கான், ஃபிரோஸாபாத் கண்ணாடி. எல்லாமே சில மணி நேர லாரிப் பயணத் தொலைவில். அந்நியச் சரக்குக்கு அரசின் கட்டுப்பாடு வேலியாக இருந்தது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்க, கடைசி 715 பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாடும் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கியது. அதே டிசம்பரில் சீனா அந்த அமைப்பில் சேர்ந்தது. தாத்தா மொராதாபாத்துக்கு ரயில் ஏறிய குடும்பங்களில் பேரன்கள் யீவூவுக்கு விமானம் ஏறினார்கள்.

ஜெஜியாங் மாகாணத்திலுள்ள யீவூ நகரின் மொத்தச் சந்தையில் சுமார் 75,000 கடைகள். பல கடைகளில் வாங்கிய சரக்கை உள்ளூர் ஏஜெண்டு ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்புவார். நிங்போவில் கப்பலேறும் பெட்டி மும்பைக்கு அருகே நவ சேவாவில் இறங்கி, ரயிலில் தில்லி துக்ளகாபாத்துக்கு வரும்.

இந்த வியாபாரத்துக்குக் கூட்டுக் குடும்பம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒருவர் கல்லாவில், ஒருவர் சீனாவில், இன்னொருவர் சுங்க அலுவலகத்தில். முகம் தெரியாத ஆலைக்கு முன்பணம் அனுப்ப வேண்டிய தொழிலில், சொந்தத் தம்பியின் கண்ணைவிட நம்பகமான தரச் சான்று ஏது?

சிக்கலும் இதில்தான். முதலும் குடும்பத்தினுடையது, நஷ்டமும் குடும்பத்தினுடையது. கண்டெய்னர் கடலில் இருக்கும்போதே கணக்கு மாறிவிடலாம். 2020 பட்ஜெட் சமையலறை, சாப்பாட்டு மேசைச் சாமான்கள் பலவற்றின் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. ஜூனில் கல்வான் மோதல். சீனச் சரக்குகள் சோதனைக்காகத் துறைமுகங்களில் தேங்கின. வெளியே புறக்கணிப்பு முழக்கம், உள்ளே பணம் கட்டி வாங்கிய சரக்கு. பிறகு தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன: 2021 பிப்ரவரி முதல் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2023-இல் பிளாஸ்க்குக்கும் ஆணை பிறந்தது. உரிமம் பெற வேண்டியவர் வெளிநாட்டு ஆலைக்காரர். அவர் பெறாவிட்டால் இங்குள்ள வியாபாரிக்குச் சரக்கில்லை.

வளர்ந்த குடும்பங்களின் முன்னே இப்போது ஒரு கேள்வி நிற்கிறது: வாங்கி விற்பதோடு நிற்பதா, தாங்களே தயாரிப்பதா? எந்த மாடல் நகரும், எந்த விலையில் நகரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் ஆலைக்கு நிலம் வேண்டும், அச்சு வேண்டும், பல வருடப் பொறுமை வேண்டும். கண்டெய்னரில் போட்ட பணம் சில மாதங்களில் திரும்பும்; ஆலையில் போட்டது அப்படித் திரும்பாது. குர்ஜாவின் சூளைகளும் மொராதாபாத்தின் பட்டறைகளும் பழைய இடத்தில்தான் இருக்கின்றன. பேரன்கள் திரும்பி வருவார்களா என்பது, மறுபடி எத்தனை நாள் காத்திருக்க அவர்கள் தயார் என்பதைப் பொறுத்தது.