திறன்மிகு இல்லங்களும் புலப்படாத வீட்டுவேலையும்

முன்னுரை

விளக்கு, வெப்பமூட்டி, கதவுப்பூட்டு, கண்காணிப்புக் கேமரா முதலியவற்றை இணையத்தால் இணைத்து, கைப்பேசி வழியாகவோ குரல் வழியாகவோ இயக்கும் வீட்டைத் திறன்மிகு இல்லம் என்கிறோம். இவ்வீடுகளைப் பற்றிய தொடக்கக்கால ஆய்வுகள், 'கருவி சரியாக இயங்குகிறதா?' என்ற வினாவுக்கே முதன்மை தந்தன. அக்கருவியை இயங்கவைக்க வீட்டில் உழைப்பவர் யார் என்ற வினா பின்னரே வலுப்பெற்றது. இம்மாற்றத்தையும் அதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வகமாக அமைந்த வீடு

கணினி கண்ணுக்குப் புலப்படாமல் அன்றாட வாழ்வில் கலந்துவிடும் என்ற கருத்தை மார்க் வைசர் 1991இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் முன்வைத்தார். இக்கருத்தை வீட்டளவில் சோதித்த முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் கட்டிய 'அவேர் ஹோம்' ஆகும். நடப்பவர் இன்னார் என்பதைக் காலடி கொண்டு அறியும் தரை, முதியோர் தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழத் துணைநிற்கும் வழிகள் ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. எனினும் ஆய்வகத்து வீட்டில் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்யப் பொறியாளர் அருகில் இருப்பார். பிறர் வீடுகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இக்குறையைக் கீத் எட்வர்ட்ஸ், ரெபெக்கா கிரின்டர் ஆகியோர் 2001இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அவர்கள் வரிசைப்படுத்திய 7 அறைகூவல்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, வீடு திட்டமிட்டுத் திறன்மிகு இல்லமாவதில்லை. இன்று ஒரு கருவி, நாளை மற்றொன்று என வாங்கிச் சேர்ப்பதால் தற்செயலாகவே அவ்வாறு ஆகிறது. மற்றொன்று, அலுவலகக் கணினிகளைப் பேண ஒரு நிர்வாகி இருப்பதுபோல் வீட்டில் எவரும் இல்லை.

வாழும் வீடுகளில் ஆய்வு

இங்கிலாந்தின் லஃப்பரோவில் டாம் ஹார்கிரீவ்ஸ், சார்லி வில்சன் உள்ளிட்டோர் 10 குடும்பங்களிடையே 9 மாதங்கள் நிகழ்த்திய கள ஆய்வு 2018இல் இதழில் வெளிவந்தது. இக்கருவிகள் தொழில்நுட்ப அளவிலும் குடும்ப உறவு அளவிலும் வழக்கங்களைக் குலைக்கின்றன என்பது அதன் முதல் முடிவு. கருவிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் தேவையே அதன் பயன்பாட்டைக் குறுக்குகிறது என்பது இரண்டாவது. கற்றுக்கொள்வதற்கு மிகுந்த உழைப்பும் காலமும் வேண்டும். ஆனால் அதற்குரிய உதவி அரிது என்பது மூன்றாவது. பெருமளவு ஆற்றல் சேமிப்புக்குச் சான்று குறைவு என்பதோடு, நுகர்வு கூடிவிடும் இடரும் உண்டு என்பது நான்காவது. வெளியிலிருந்தே வெப்பமூட்டியை இயக்க முடியுமாயின், ஆளில்லாத வீட்டையும் முன்கூட்டியே சூடேற்றத் தோன்றுவது இயல்பே.

உழைப்பும் அதிகாரமும்

வீட்டுக் கருவி வேலையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பழையது. துணிதுவைக்கும் இயந்திரம் முதலியன வந்தபின் தூய்மை பற்றிய எதிர்பார்ப்பு உயர்ந்தது. முன்பு பிறரும் பகிர்ந்துகொண்ட வேலை தாயின்மேல் விழுந்தது. இதனை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். திறன்மிகு கருவிகளோ புதுவகை வேலையைச் சேர்க்கின்றன. மென்பொருளைப் புதுப்பித்தல், மின்கலம் மாற்றுதல், கடவுச்சொல்லைக் காத்தல், அறுந்த இணைப்பை மீட்டல் ஆகிய இவை பெரும்பாலும் வேலையாக எண்ணப்படுவதில்லை. யோலாண்டே ஸ்ட்ரெஞ்சர்ஸ், ஜெனி கென்னடி ஆகியோரின் 2020ஆம் ஆண்டு நூல், பெண்குரலில் பேசும் உதவிக் கருவிகள் மனைவியின் பணி பற்றிய பழைய எண்ணத்தையே மறுபதிப்புச் செய்கின்றன என வாதிடுகிறது.

இவ்வேலையைச் செய்பவரிடமே அதிகாரமும் சேர்கிறது. கருவியை நிறுவுபவரே வீட்டிலுள்ள பிறரைவிட மிகுந்த கட்டுப்பாடு பெறுகிறார் என்பதைக் கிறிஸ்டின் கீங், ஃபிரான்சிஸ்கா ரோஸ்னர் ஆகியோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இணக்கமான குடும்பத்தில் இது சிறு தொல்லையாக முடியலாம். அச்சுறுத்தும் துணையோடு வாழ்பவருக்கோ, பூட்டும் கேமராவும் மற்றவர் கைப்பேசியில் இருப்பது பாதுகாப்பையே பறிக்கும்.

முடிவுரை

'பயனர்' என்னும் சொல் ஒருமை. வீட்டில் வாழ்பவரோ பலர். கருவியை வாங்கியவரை மட்டும் வினவும் ஆய்வு, அதை விரும்பாதவரையும், அதை இயக்கத் தெரியாத முதியவரையும், அதனால் கண்காணிக்கப்படுபவரையும் விட்டுவிடுகிறது. ஆகவே வீட்டார் அனைவரையும் தனித்தனியே கேட்பதும், கருவி புதிதாக இருக்கும் நாட்களோடு நில்லாமல் பல மாதங்கள் தொடர்வதும், பராமரிப்புக்குச் செலவாகும் நேரத்தைக் கணக்கிடுவதும், கைவிடப்பட்ட கருவிகளையும் தரவாகக் கொள்வதும் இத்துறை ஆய்வுக்கு இன்றியமையாதன. கருவியின் திறனை ஆய்வகத்தில் அளந்துவிடலாம். அதனால் ஒரு குடும்பம் பெறுவதையும் இழப்பதையும் அவ்வீட்டாரிடம் கேட்டே அறியமுடியும்.