ஃபண்ட்: பணம் கொடுத்தவர் யார்?

மாணவர்களே,

ஆங்கில வாசிப்புப் பந்திகளில் ‘ஃபண்ட்’ என்னும் சொல்லைக் கண்டால் உடனே ‘நன்கொடை’ என்று பொருள்கொள்ள வேண்டாம். பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.

1. பெயர்ச்சொல்லாக வரும்போது

ஒரு குறித்த தேவைக்கென ஒதுக்கிய பணம் ‘நிதியம்’ ஆகும். ஊழியர் சேமலாப நிதியத்தின் ஆங்கிலப் பெயரில் வருவது இச்சொல்லே. பன்மையில் ‘ஃபண்ட்ஸ்’ என்றால் கைவசமுள்ள பணம். அதனுடன் ‘இஸ்’ வராது, ‘ஆர்’ வரும்.

2. வினைச்சொல்லாக வரும்போது

ஒரு வேலைக்கு வேண்டிய பணத்தை வழங்குதல் என்பது பொருள். இறந்தகாலம் ‘ஃபண்டட்’. செயப்பாட்டு வினையில் பணம் கொடுத்தவரின் முன் ‘பை’ வரும்.

நமது தீவுகளிலிருந்தே ஓர் உதாரணத்தை நோக்குக. டீசல் மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி என்பவற்றால் மின்சாரம் வழங்க ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றிற்கு இவ்வேலையை வழங்க அமைச்சரவை அனுமதித்தது. அப்போது பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனாக வரவிருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யப்பட்டது. இந்தியா வழங்க இணங்கிய 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையாகும். 2024 மார்ச்சில் யூ சோலார் என்னும் இந்திய நிறுவனத்துடன் நிர்மாண ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இதிலிருந்து இரு விடயங்களைக் கவனிக்க.

(அ) வங்கி கொடுத்தாலும் இந்தியா கொடுத்தாலும் ஆங்கிலத்தில் ‘ஃபண்ட்’ என்றே எழுதலாம். திருப்பிச் செலுத்த வேண்டுமா என்பதை இச்சொல் கூறாது. பந்தியில் ‘லோன்’ இருந்தால் கடன். ‘கிராண்ட்’ இருந்தால் நன்கொடை. கடனாயின் அதைச் செலுத்தும் பொறுப்பு நாட்டு மக்களையே சாரும். ஆகவே அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்த பின்பே விடை எழுதுக.

(ஆ) பணம் கொடுப்பவர் வேறு, வேலை செய்பவர் வேறு. ‘ஹூ ஃபண்டட்’ என்று கேட்டால் இந்திய அரசு என்பதே விடை. நிறுவனத்தின் பெயரை எழுதினால் புள்ளி இல்லை.

3. குழப்பந் தரும் சொல்

‘ஃபண்ட்’ என்பதன் எழுத்துகளிடையே ‘ஓ’ சேர்ந்தால் ‘ஃபவுண்ட்’ ஆகிவிடும். அதற்குக் ‘கண்டெடுத்தான்’ என்றும் ‘நிறுவு’ என்றும் பொருளுண்டு. நிறுவினார் என எழுத ‘ஃபவுண்டட்’ என்க. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் இராமநாதன் கல்லூரியை நிறுவினார் என்பதற்கு அச்சொல்லே பொருந்தும்.

பயிற்சி: உங்கள் ஊரில் பாடசாலைக் கட்டடம், இறங்குதுறை, வீதி ஆகியவற்றில் ஒன்றின் பெயர்ப்பலகையை வாசியுங்கள். பணம் கொடுத்தவர் யார், கட்டியவர் யார் என இரு ஆங்கில வாக்கியங்கள் எழுதுக.